வயோலா வாசித்த மனோவைத்தியர்

தோற்றுவாய்

உடம்பு நோயுற்றால் ஊரே வந்து விசாரிக்கின்றது. உள்ளம் நோயுற்றால் வீட்டாரே வாய் மூடிக்கொள்கின்றனர். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கும் தாய், கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்துச் சோம்பேறி என்கிறாள். தகப்பன் திமிர் என்கிறான். பாட்டி திருஷ்டி என்கிறாள். சம்பந்தம் பேச வருவோர் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று எல்லாரும் அஞ்சுகின்றனர். வைத்தியரை அழைப்போம் என்று சொல்ல மட்டும் ஒருவருக்கும் நா எழுவதில்லை. இது நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று என்பதை நாம் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இக்கருத்தை நேரே உபதேசமாகச் சொல்வதினும் ஒரு சரித்திரத்தின் வாயிலாகச் சொல்வது நலமென்று கருதி, நிக்கொலாய் டால் என்னும் ருஷிய மனோவைத்தியரின் வாழ்க்கையை இம்மாதம் எழுதப் புகுந்தோம். இவர் அரசாண்டவர் அல்லர். பெருநூல் இயற்றிப் புகழ் கொண்டவரும் அல்லர். பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, ஓய்ந்த வேளையில் வாத்தியத்தைக் கையிலெடுத்து நண்பர்களோடு வாசித்து மகிழ்ந்தவர். உலகம் இவரை அறிவதெல்லாம் ஓர் இசை நூலின் முகப்பில் இவர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதனால்தான். அப்பெயர் அங்கே வந்த வரலாறே இக்கட்டுரை.

வைத்தியரும் அவர் காலமும்

நிக்கொலாய் விளாதிமீரோவிச் டால் 1860-ம் ஆண்டில் பிறந்தார். சிறுகதை மன்னரும் வைத்தியருமான அன்டன் செகோவ் பிறந்த ஆண்டும் அதுவே. செகோவ் மாஸ்கோ சர்வகலாசாலையில் 1884-ம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். டால் அங்கேயே 1887-ம் ஆண்டில் பட்டம் பெற்றார். நரம்பு நோய்களையும் மனநோய்களையும் தமக்குரிய துறையாக மேற்கொண்டு மாஸ்கோ நகரிலேயே வைத்தியம் செய்துவந்தார்.

அந்நாளில் மனநோய்க்கு இன்றுள்ளன போன்ற மருந்துகள் இல்லை. வெந்நீர் தண்ணீர் ஸ்நானம், ஓய்வு, ஊர் மாற்றம் என்பவற்றோடு பெரும்பாலும் வைத்தியம் முடிந்தது. புதிதாகத் தோன்றி அறிஞர் கவனத்தைக் கவர்ந்த முறை ஒன்று உண்டு. நோயாளியை அரைத்துயில் நிலைக்குக் கொண்டுவந்து, நலம் தரும் எண்ணங்களை அவன் மனத்தில் ஊன்றும் அறிதுயில் முறையே அது. ஆங்கிலத்தார் இதனை ஹிப்னாடிசம் என்பர்.

இம்முறைக்குத் தோற்றுவாய் செய்தவர் இசையன்பர் ஒருவர் என்பது வியப்பான செய்தி. வியன்னா நகரில் வாழ்ந்த மெஸ்மர் என்னும் வைத்தியர் (1734–1815), கண்ணாடிக் கிண்ணங்களைச் சுழலவைத்து ஈர விரலால் தடவி ஒலியெழுப்பும் ஆர்மோனிகா என்னும் வாத்தியத்தில் வல்லவர். நோயாளிகளை மயக்கநிலைக்குக் கொணரும்போது அவ்வாத்தியத்தை ஒலிக்கச் செய்வார். உடலினின்று உடலுக்குக் காந்தசக்தி பாய்கின்றது என்ற அவருடைய கொள்கையை 1784-ம் ஆண்டில் பிரெஞ்சு அரசர் அமைத்த குழு ஆராய்ந்து தள்ளிவிட்டது. அக்குழுவில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் என்பவரே அந்தக் கண்ணாடி வாத்தியத்தை அமைத்தவர் என்பது சரித்திரம் செய்த வேடிக்கை.

காந்தசக்திக் கொள்கை பொய்யாயினும், மயக்கநிலை மெய்யாகவே இருந்தது. நம் நாட்டிலும் வங்காளத்து ஹூக்ளியில் எஸ்டெயில் என்னும் வைத்தியர் 1845-ம் ஆண்டு முதல் நோயாளிகளை அந்நிலைக்குக் கொணர்ந்து சத்திர சிகிச்சை செய்துவந்தார். பின்னர்ப் பிரான்சு தேசத்தில் பாரிஸ் நகரத்து ஷார்க்கோவும், நான்ஸி நகரத்து பெர்ன்ஹைமும் இதனை ஆராய்ந்தனர். ஷார்க்கோவிடம் பயிலச் சென்றோருள் ஸிக்மண்ட் பிராய்டும் ஒருவர். நான்ஸி நகரத்தார் கண்டது யாதெனில், குணம் தருவது மந்திரமும் அன்று, காந்தமும் அன்று. வைத்தியர் சொல்லும் சொல்லை நோயாளி மனமார ஏற்பதே என்பதாம். டால் பின்பற்றிய நெறியும் இதுவே.

இனி அவருடைய மற்றொரு முகத்தைக் காண்போம். டால் வயோலா வாசிப்பவர். வயோலா என்பது நம் பிடிலைப் போன்றதே. சற்றுப் பெரியது, சற்றுக் கனத்த குரலுடையது. மேனாட்டு வாத்திய கோஷ்டியில் பிடில் மேலே பாடும். செல்லோ கீழே முழங்கும். வயோலா இரண்டுக்கும் நடுவில் இருந்து இசைக்கு உடம்பு தரும். சபையோர் செவி தனியே அதனை நாடுவது அரிது. ஆயினும் அதனை நீக்கிவிட்டால் இசை மெலிந்துபோகும். வயோலா வாசிப்பவனுக்குத் தன் குரலை உயர்த்துவதினும் பிறர் குரலைக் கேட்டு இடமறிந்து சேர்வதே முதல் தொழில். மனோவைத்தியனுக்கும் அதுவே முதல் தொழில் அன்றோ? தொழிலுக்காக அன்றி விருப்பத்தினால் வாசித்த டால், நண்பர்களைக் கூட்டி நால்வர் சேர்ந்து வாசிக்கும் கோஷ்டியும் நடத்திவந்தார்.

நோயாளி

1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் அவருடைய அறைக்கு வந்த நோயாளியின் பெயர் செர்கெய் ராக்மானினாப். வயது இருபத்தாறு. நெட்டை உருவம், சிரிப்பறியாத முகம்.

இவருடைய இளமைக்காலம் இன்பமாகக் கழிந்ததன்று. தகப்பனார் செல்வத்தை விரயம் செய்து நிலங்களை இழந்தார். குடும்பம் பீட்டர்ஸ்பர்க்கு நகரத்தில் ஒரு சிறு வீட்டுக்குக் குடியேறியது. தாயும் தந்தையும் பிரிந்தனர். உடன்பிறந்த பெண்கள் இருவர் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். பிள்ளை படிப்பில் மனம் செலுத்தாமல் திரியவே, 1885-ம் ஆண்டில் மாஸ்கோவில் ஸ்வேரெவ் என்னும் கண்டிப்பான பியானோ ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டான். அதிகாலையில் எழுந்து சாதகம் செய்யாவிடில் அவர் வீட்டில் இருக்க இயலாது. அந்தச் சாதகம் வீண்போகவில்லை. 1892-ம் ஆண்டில் மாஸ்கோ சங்கீத கலாசாலையில் தங்கப்பதக்கத்தோடு தேறினார். பேராசானாகிய சைகோவ்ஸ்கியே பாராட்டினார்.

பிறகு வந்தது வீழ்ச்சி. 1895-ம் ஆண்டில் ஒன்பது மாதம் உழைத்துத் தம் முதல் சிம்பொனியை இயற்றினார். பல வாத்தியங்கள் கூடி வாசிக்கும் நெடிய இசைக்கோவைக்குச் சிம்பொனி என்று பெயர். 1897-ம் ஆண்டு மார்ச்சு மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் கிளாஸுனோவ் என்பவர் கோஷ்டியை நடத்த, அது அரங்கேறியது. ஒத்திகை போதவில்லை, நடத்தியவருக்கும் அதில் மனம் செல்லவில்லை. தம் இசை உருக்குலைந்து ஒலிப்பதைப் பொறுக்கமாட்டாமல், ராக்மானினாப் வெளிப் படிக்கட்டில் ஒதுங்கிக் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தார். பின்னர் ஸேஸர் குயி என்னும் விமரிசகர், நரகத்தில் ஒரு சங்கீத கலாசாலை இருந்தால் அங்கே இதற்குப் பரிசு கிடைக்கும் என்ற பொருள்பட எழுதினார்.

இருபத்து நான்காம் வயதில் ஒருவனுக்கு இது சிறிய அடியன்று. அன்றுமுதல் இயற்றும் ஆற்றல் அடைத்துக்கொண்டது. முற்றிலும் முடங்கிக் கிடந்தார் என்று எண்ண வேண்டா. மாமொந்தாவ் என்னும் செல்வரின் நாடக சபையில் வாத்திய கோஷ்டியை நடத்தினார். ஷாலியாபின் என்னும் பெரும் பாடகரின் நட்பைப் பெற்றார். 1899-ம் ஆண்டில் லண்டன் சென்று பாராட்டுப் பெற்றார். அங்கே மறுமுறை வரும்போது புதியதொரு கன்சர்ட்டோவுடன் வருவதாக வாக்கும் கொடுத்தார். வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தார். ஆனால் ஊர் திரும்பி ஏட்டின் முன் உட்கார்ந்தால் ஒரு சுரமும் வரவில்லை. தம்மீது நம்பிக்கை அற்றுப்போயிற்று. பகலில் நெடுநேரம் படுத்தே கிடந்தார்.

நேயர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். வெளியே சிரித்துப் பேசி வேலைக்குப் போய்வருகிறவன் உள்ளே நோயாளியாக இருக்கக்கூடும். இரண்டு வேளை உண்கிறான், நாலு பேரோடு பேசுகிறான், இவனுக்கு என்ன நோய் என்று நாம் கேட்பது அறியாமையாகும்.

பெரியோர் புத்திமதி

ராக்மானினாபுக்கு நல்லோர் துணை இல்லாமற் போகவில்லை. அவர்மீது அன்பு கொண்ட சீமாட்டி ஒருவர், டால்ஸ்டாய் முனிவரைக் கண்டால் மனம் தேறும் என்று எண்ணி, அப்பெரியாரின் மாஸ்கோ வீட்டுக்குச் செல்ல ஏற்பாடு செய்தார். டால்ஸ்டாயைத் தெய்வமாகப் போற்றிவந்த இளைஞர் நடுக்கத்தோடு சென்றார். பெரியவர் பரிவோடு அருகில் உட்கார்த்தி, தமக்கும் எழுத்து எளிதில் வருவதில்லை என்றும், எவ்வாறாயினும் தினந்தோறும் உழைக்க வேண்டும் என்றும் புத்தி கூறினார்.

சொன்னது நல்ல சொல்லே. ஆனால் உழைக்கமாட்டாததையே நோயாக உடையவனிடம் உழை என்பது, காலொடிந்தவனை நட என்பதை ஒக்கும். பின்னொருமுறை ஷாலியாபின் பாட, ராக்மானினாப் பியானோ வாசிக்க, டால்ஸ்டாய் வீட்டில் கச்சேரி நடந்தது. கேட்டவர்கள் மகிழ்ந்தனர், வீட்டுக்குடையவர் மட்டும் முகம் சுளித்து, இத்தகைய இசை யாருக்கேனும் வேண்டியிருக்கிறதா என்ற கருத்தில் கேட்டுவிட்டார். பிறகு வருந்தி மன்னிப்பும் கேட்டார் எனினும் தைத்த முள் தைத்ததுதான். ராக்மானினாபின் நிலை முன்னையினும் மோசமாயிற்று.

உலகம் போற்றும் ஞானியின் வாய்மொழி பயன்படாத இடத்தில், அவ்வளவு புகழில்லாத ஒரு வைத்தியரின் பொறுமை பயன்பட்டது. இதுவே இவ்வரலாற்றின் நடுப்பொருள்.

மருத்துவம்

அவரை வைத்தியரிடம் சேர்த்தவர்கள் ஸாட்டின் குடும்பத்தார். ராக்மானினாபின் தந்தையாருடைய உடன்பிறந்தாளாகிய வார்வாரா ஸாட்டின் அம்மையின் வீடு அது. அதாவது அவருடைய அத்தை வீடு. பெற்றோர் பிரிந்த பிள்ளைக்கு அவ்வீடே தாய்வீடாக இருந்தது. அவ்வீட்டார் அவருடைய நிலையை மறைக்க முயலவில்லை, பழிக்கவும் இல்லை. இது வைத்தியர் தீர்க்கவேண்டிய நோய் என்று கண்டு, டாலிடம் செல்லுமாறு வற்புறுத்தினர்.

டால் முதலில் கேட்ட கேள்வி கவனிக்கத்தக்கது. நோயாளி என்ன இயற்ற வேண்டியிருக்கிறது என்று வீட்டாரை வினவினார். பியானோவுக்கு ஒரு கன்சர்ட்டோ என்றார்கள். ஒரு தனி வாத்தியம் முன்நின்று வாசிக்க, வாத்திய கோஷ்டி உடன்நின்று விடைகூறும் இசைக்கோவைக்குக் கன்சர்ட்டோ என்று பெயர். லண்டன் மாநகரத்தார்க்கு வாக்களித்து, முடியாதென்று கைவிட்டதும் அதுவே. தேறு, துணிவு கொள், மகிழ்ச்சியாயிரு என்றெல்லாம் பொதுப்படச் சொல்லாமல், அந்த ஒரு வேலையையே மருந்துக்கு இலக்காக வைத்துக்கொண்டார் வைத்தியர்.

1900-ம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் ராக்மானினாப் அவருடைய அறைக்குச் சென்றுவந்தார். சாய்வு நாற்காலியில் அமர்த்தி, அரைத்துயில் நிலைக்குக் கொணர்ந்து, நீ உன் கன்சர்ட்டோவை எழுதத் தொடங்குவாய், எளிதாக எழுதுவாய், அது மிக நன்றாக அமையும் என்ற கருத்துள்ள வாசகத்தை வைத்தியர் ஒவ்வொரு நாளும் மாறாமல் சொல்லிவந்தார். உறக்கம் சீர்ப்படவும், பசி எடுக்கவும், பகற்பொழுதில் மனம் தெளியவும் வேண்டுவனவும் உடன் செய்தார். நோயாளியாயிருந்தவர் பிற்காலத்தில் தம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லி எழுதுவித்தபோது, நம்புவதற்கு அரியதாயினும் இம்மருத்துவம் தமக்கு உண்மையாகவே உதவியது என்று நன்றியோடு குறித்திருக்கின்றார்.

அறிதுயிலினால் குணமாயிற்றோ, கலந்து பேசியதனால் குணமாயிற்றோ என்பதில் அறிஞர் இருவேறு கருத்துடையர். டால் வெறும் வைத்தியராக மட்டும் இருந்திருப்பின் இது நிறைவேறியிராது என்று வாதிப்போர் உண்டு. நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது. ஒரு சுரம் வராமல் தவிப்பது எத்தகைய தவிப்பு என்பதை, வில்லைக் கையிலேந்திப் பழகியவன் அறிவது போல மற்றவன் அறியமாட்டான். தாம் இழந்தது யாதென்று தெரிந்த ஒருவரின் எதிரில் நோயாளி உட்கார்ந்திருந்தார். வைத்தியரின் சொல்லை அவர் மனமார ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் அன்றோ? அந்நாளில் மனப்பகுப்பாய்வின் தந்தையென வளர்ந்துவந்த பிராய்டு, இசையினால் தமக்கு இன்பம் தோன்றுவதில்லை என்று தாமே எழுதியவர். ராக்மானினாபின் நல்லூழ் அவரை வயோலா வாசிக்கும் வைத்தியரிடம் சேர்த்தது.

பலன்

அவ்வாண்டு கோடையிலேயே ஊற்றுக்கண் திறந்தது. இத்தாலி தேசத்துக்குச் சென்று சிறிதுகாலம் தங்கிய ராக்மானினாப், திரும்பிவந்ததும் விரைந்து எழுதலானார். கன்சர்ட்டோவின் இரண்டாம் பகுதியும் மூன்றாம் பகுதியும் முதலில் முடிந்தன. அவ்விரண்டும் 1900-ம் ஆண்டு டிசம்பரில் மாஸ்கோவில் அரங்கேறிப் பெரும் பாராட்டைப் பெற்றன. பின்னர் முதற்பகுதியையும் எழுதி முடித்தார்.

ஆயினும் மனநோய் ஒரே நாளில் வேரோடு பறிந்துபோவதில்லை. முழுக் கன்சர்ட்டோவும் அரங்கேறுவதற்குச் சில நாட்களே இருக்கையில், நண்பர் ஒருவர் முதற்பகுதியில் குறையொன்று கூறி எழுதினார். உடனே பழைய அச்சம் வந்து பற்றிக்கொண்டது. நண்பர் சொல்வதே சரி, எல்லாம் பாழ் என்று ஐந்து நாள் தவித்தார். எனினும் இம்முறை படுத்துவிடவில்லை, மேடைக்குச் சென்றார். 1901-ம் ஆண்டு நவம்பர் 9-ம் நாள், பழைய ருஷியப் பஞ்சாங்கப்படி அக்டோபர் 27, மைத்துன முறையினரான ஸிலோட்டி கோஷ்டியை நடத்த, தாமே பியானோ வாசித்தார். சபை ஆரவாரித்தது. நோய் நீங்கியவன் அச்சமே அற்றவன் ஆகிவிடுவதில்லை. அச்சத்தைச் சுமந்துகொண்டே நடக்கக் கற்றவன் ஆகின்றான்.

1904-ம் ஆண்டில் இக்கன்சர்ட்டோவுக்கு 500 ரூபிள் கொண்ட கிளிங்கா பரிசு கிடைத்தது. இன்று உலகில் மிகுதியாக வாசிக்கப்படும் பியானோ கன்சர்ட்டோக்களுள் இதுவும் ஒன்று. 1945-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆங்கிலப் படத்தின் இசையாகவும் அமைந்து, சங்கீத சபைக்குப் போகாதவர் செவிக்கும் எட்டியது.

அந்நூலின் முகப்பில் ராக்மானினாப் பொறித்த பெயர் தம் ஆசிரியர் பெயரன்று. பிரபு எவருடைய பெயரும் அன்று. திருவாளர் நி. டால் அவர்களுக்கு என்று சமர்ப்பித்தார். எனக்கு மனநோய் வந்தது, இவர் தீர்த்தார் என்று ஊரறியச் சொல்ல அவர் நாணவில்லை. அக்காலத்தில் அது சிறிய துணிவன்று. இக்காலத்திலும் சிறிய துணிவன்று.

மற்றொரு செய்தியும் நம்மவர் கேட்டு மகிழத்தக்கது. 1902-ம் ஆண்டில் ராக்மானினாப் தம் அத்தை மகள் நட்டாலியாவை மணந்தார். நம்மிடை அது உரிமைப் பெண். ருஷிய சமயத்தாருக்கோ விலக்கப்பட்ட உறவு. ஆகையால் சக்கரவர்த்தியின் அனுமதி வேண்டியதாயிற்று. நோயில் கைவிடாத வீடே அவருக்கு மாமியார் வீடும் ஆயிற்று. நோயுற்றிருந்தவன் என்று தெரிந்தே பெண் கொடுத்தனர். பெண்ணும் தெரிந்தே மணந்தாள். அவர்கள் இல்வாழ்க்கை நாற்பதாண்டுக்கு மேல் நிலைத்தது.

இசைக்கோவையின் உள்ளே ஒரு நயம் உண்டு. எடுத்த எடுப்பில் பியானோ தனித்து நின்று, தூரத்துக் கோயில் மணி மெல்ல நெருங்கிவருவது போல ஒலிக்கும். அதன்பின் தலைமைப் பண்ணைப் பியானோ பாடுவதில்லை. பிடில்களும் வயோலாக்களும் கிளாரினெட்டும் ஒருங்கே பாடும். அப்பகுதியில் இரண்டாம் பண் வருமுன் அதற்கு வழி திறந்துவிடுவது வயோலாக்களின் சிறு அழைப்பு. இறுதிப் பகுதியில் உலகெல்லாம் முணுமுணுக்கும் அந்த உருக்கமான பண்ணை முதலில் எடுத்துப் பாடுவதும் ஓபோ என்னும் ஊதுகுழலும் வயோலாக்களுமே. சபையோர் செவி தனியே நாடாத வாத்தியம் என்று முன்னர்ச் சொன்னோம். இந்நூலில் அது வாசல்தோறும் நின்று விளக்கேந்துகின்றது.

பெய்ரூத் நகரில்

பதினாறு ஆண்டு சென்றபின் ருஷியாவில் பெரும் புரட்சி மூண்டது. 1917-ம் ஆண்டு டிசம்பரில் ராக்மானினாப் குடும்பத்தோடு நாட்டை விட்டு நீங்கினார். மீண்டும் அம்மண்ணை மிதிக்கவில்லை. டால் மேலும் சில ஆண்டு அங்கேயே இருந்து, 1925-ம் ஆண்டில் அவரும் வெளியேறினார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. பிறர் பேரன் பேத்திகளோடு ஓய்ந்திருக்கும் பருவத்தில், மொழியும் முகமும் புதிதான தேசத்துக்குக் குடிபெயர்ந்தார். அடைந்த இடம் மத்தியதரைக் கடலோரத்துப் பெய்ரூத் நகரம். லெபனான் தேசம் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியின்கீழ் இருந்தது.

புலம்பெயர்ந்தோன் எதனை எடுத்துச் செல்லமுடியும்? நிலத்தை எடுத்துச் செல்ல முடியாது. வீட்டை எடுத்துச் செல்ல முடியாது. கற்ற தொழிலும் கையிலேறிய பழக்கமும் உடன்வரும். டாலோடு வயோலா வித்தை சென்றது. அந்நகரத்தில் 1866-ம் ஆண்டில் ஏற்பட்டு, 1920-ம் ஆண்டு முதல் அமெரிக்க சர்வகலாசாலை என்று பெயர் பெற்ற வித்தியாசாலையில் ஒரு வாத்திய கோஷ்டி இருந்தது. முதியவர் அதில் சேர்ந்து வயோலா வரிசையில் ஓர் ஆசனத்தில் அமர்ந்தார்.

1928-ம் ஆண்டில் அக்கோஷ்டி ராக்மானினாபின் இரண்டாம் பியானோ கன்சர்ட்டோவை வாசித்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எந்த இசை பிறக்கவேண்டும் என்று ஒரு நோயாளியின் காதில் நாள்தோறும் ஓதினாரோ, அந்த இசையைத் தம் கைவில்லால் வாசித்துக்கொண்டு அந்த வைத்தியர் கூட்டத்துள் ஒருவராய் அமர்ந்திருந்தார். மேலே சொன்ன வயோலாவின் அழைப்பும், வயோலாவின் பண்ணும் அவர் விரலின்கீழ் எழுந்தன.

வாசிப்பு முடிந்தது. இந்நூல் எவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டதோ அவரே இக்கோஷ்டியில் வயோலா வாசிக்கின்றார் என்ற செய்தி சபைக்குத் தெரிந்தது. சபையோர் கலைந்து செல்ல மறுத்தனர். முதியவர் ஆசனத்தினின்று எழுந்து நின்று வணங்கும் வரையில் ஆரவாரம் ஓயவில்லை என்று வரலாறு கூறுகின்றது.

நாட்டை இழந்து வந்தவருக்கு அவ்வொரு நிமிஷம் எவ்வாறிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு நெகிழ்கின்றது. வைத்தியர்க்குரிய கூலி பெரும்பாலும் பணமாகவே வந்து தீர்ந்துவிடும். இவருக்கோ கூலியின் பெரும்பகுதி இருபத்தெட்டு ஆண்டு கழித்து, கடல் கடந்த ஊரில், இசையாகவே வந்து சேர்ந்தது.

டால் 1939-ம் ஆண்டில் காலமானார். ராக்மானினாப் 1943-ம் ஆண்டு மார்ச்சு 28-ம் நாள் அமெரிக்காவில் உயிர்நீத்தார். அவர் ஒதுக்கிவைத்து, பிறகு காணாமற்போன முதல் சிம்பொனியின் தனித்தனி வாத்திய ஏடுகள் லெனின்கிராடு நகரில் கிடைக்க, அவற்றைக் கொண்டு நூலை மீட்டு, 1945-ம் ஆண்டு அக்டோபரில் மாஸ்கோவில் மறுபடி அரங்கேற்றினர். நரகத்துக்குரியது என்று ஒருநாள் இகழப்பட்டதைச் சபையார் வரவேற்றனர். இயற்றியவர் அதனைக் கேட்க உயிரோடில்லை. ஒரு மாலைப்பொழுதின் தீர்ப்பை முடிந்த தீர்ப்பாக எண்ணி ஒரு வாழ்க்கை அழிய இருந்ததே என்பதை நினைக்கும்போது, பரீட்சையில் தவறிய நம் பிள்ளைகளின் முகங்கள் நம் கண்முன் வருகின்றன.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, மனநோய் குற்றமன்று. குலத்துக்கு வந்த இழுக்கும் அன்று. உலகம் போற்றும் கலைஞனுக்கும் வரும்; நம் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் வரும். வைத்தியமுறைகள் டால் காலத்தினும் இன்று பன்மடங்கு வளர்ந்துள்ளன. அறிதுயில் ஒன்றையே நம்பியிருக்க வேண்டிய காலம் போயிற்று. தக்க மருந்துகளும், பேசித் தெளிவிக்கும் முறைகளும் வந்துவிட்டன. மனநல வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017-ம் ஆண்டில் நம் நாட்டில் சட்டமும் ஏற்பட்டிருக்கின்றது. சட்டம் கதவைத் திறக்கும். வாசல் வரையில் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் வீட்டாரே.

இரண்டாவது, அறிவுரை வேறு, மருந்து வேறு. டால்ஸ்டாய் சொன்னதும் அன்பினாலேயே. ஆயினும் அது மருந்தாகவில்லை. நம் வீட்டுப் பெரியோர் இதனை நினைவிற்கொள்ளுமாறு வணக்கத்தோடு வேண்டுகின்றோம். ஸாட்டின் அம்மையின் வீட்டார் செய்தது இரண்டே செயல்கள்: பழியாமல் உடனிருந்தனர், தக்கவரிடம் அழைத்துச் சென்றனர்.

மூன்றாவது, ஓய்ந்த வேளையில் பயிலும் கலையை வீண்வேலை என்று எண்ணலாகாது. பிள்ளை டாக்டராக வேண்டும் என்பதற்காக அவன் கையிலுள்ள பிடிலைப் பிடுங்கிப் பரண்மேல் போடும் தந்தையர் நம்மிடை உளர். டால் வயோலாவைக் கைவிட்டிருந்தால் அவர் டாக்டராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அந்த நோயாளிக்கு ஏற்ற டாக்டராக இருந்திருப்பாரோ என்பது ஐயமே.

இதனைப் படிக்கும் அன்பர்களுள் எவர் வீட்டிலேனும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளை படுத்திருக்கலாம். இவ்விதழை மூடிவைத்துவிட்டு, அக்கதவை மெல்லத் தட்டி உள்ளே சென்று, ஒன்றும் கேளாமல் அருகில் சிறிதுநேரம் உட்காருங்கள். மறுநாள் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். எவரேனும் கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்.